பாயின் கரையும் ஹாஷியாவும்

ஸஹீஹுல் புகாரியின் 'ஜனாயிஸ்' பிரிவில் ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஒன்று உண்டு. மதரஸாவில் அதனை ஓதிக் கொடுக்குந்தோறும் நாம் அதிலுள்ள ஒரு சொல்லில் சற்றே நின்று செல்வது வழக்கம். பெண்மணி ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஒரு புர்தாவைக் கொண்டு வருகிறார். அஃது அவரே தம் கையால் நெய்தது. நபிகளார் உடுத்திக்கொள்ள வேண்டும் என்னும் ஆசையால் நெய்தது. நபிகளாருக்கும் அப்போது ஆடையின் தேவை இருந்தது. வாங்கி, அதனையே இடுப்பில் உடுத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். அங்கிருந்த ஒருவர், எவ்வளவு அழகாயிருக்கிறது, எனக்குத் தாருங்கள் என்று கேட்டுவிட்டார். நாயகமும் தந்துவிட்டார்கள். நபிகளார் கேட்டவர்க்கு இல்லை என்று சொல்லமாட்டார்கள் என்பது தெரிந்திருந்தும் கேட்டது முறையா என்று பிறர் அவரைக் கடிந்துகொண்டனர். உடுப்பதற்காக அன்று, என் கஃபனாக ஆவதற்காகவே கேட்டேன் என்றார் அவர். அவ்வாறே அது அவருக்குக் கஃபனாயிற்று என்று ஸஹ்ல் (ரலி) முடிக்கிறார்கள்.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். நாம் நின்று செல்லும் இடம் வேறு. அந்தப் புர்தாவை வருணிக்கும்போது, அதனோடு அதன் 'ஹாஷியா'வும் நெய்யப்பட்டிருந்தது என்று அறிவிப்பாளர் ஒரு குறிப்பைச் சேர்க்கிறார். உடுத்தியவர் யார், கேட்டவர் யார் என்பதே பேசப்படும் செய்தியில், துணியின் கரையைப் பற்றி எதற்குப் பேச வேண்டும்? ஹிஜ்ரி 852-ல் மறைந்த இமாம் இப்னு ஹஜர் அஸ்கலானி அவர்கள் 'ஃபத்ஹுல் பாரி'யில் இதற்கு இரண்டு விளக்கங்களை எடுத்து வைக்கிறார்கள். ஒன்று, அது பெரிய துணியிலிருந்து வெட்டியெடுத்த துண்டு அன்று. வெட்டியதாயின் கரை இருந்திராது என்பது. மற்றொன்று, ஹாஷியா என்பது துணியின் குஞ்சம். அது வெட்டப்படாமல் இருந்தது, அதாவது புர்தா புத்தம் புதியது, எவரும் உடுத்தாதது என்பது. எவ்வாறு கொண்டாலும் கருத்து ஒன்றே. கொண்டுவந்த பொருள் முழுமையாக முடிக்கப்பட்ட பொருள். தறியிலிருந்து அவசரமாக அறுத்தெடுத்ததன்று. நான்கு பக்கமும் கரை கண்டது.

இத்துணை நுட்பமாகக் கரையைச் சொன்ன அறிவிப்பில், அக்கரையை நெய்த பெண்மணியின் பெயர் இல்லை.

ஹாஷியா என்னும் சொல் நம் மாணவர்களுக்குப் புதியதன்று. துணியின் கரைக்கு வழங்கிய சொல்லே பிற்காலத்தில் ஏட்டின் கரைக்கும் வழங்கலாயிற்று. பிறகு அந்தக் கரையில் எழுதப்பட்ட குறிப்புரைக்கே பெயராயிற்று. நடுவில் மூலம், சுற்றிலும் ஹாஷியா. அபூ ஷுஜாஉவின் நூலுக்கு இப்னு காஸிம் எழுதிய உரை. அதற்குப் பாஜூரி எழுதிய ஹாஷியா. பொன்னானி மக்தூம் ஜைனுத்தீன் அவர்களின் 'ஃபத்ஹுல் முஈன்'. அதற்கு மக்காவில் இருந்த ஸையித் பக்ரி எழுதிய 'இஆனதுத் தாலிபீன்'. இவையெல்லாம் நம் நாட்டு ஷாஃபிஈ மதரஸாக்களில் கை தேய்ந்த நூல்கள். மூலத்தை ஓதியவர் ஆலிமாகிவிடுவதில்லை, ஹாஷியாவைக் கடந்தவரே ஆலிம் என்று நம் உஸ்தாதுமார்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அந்தப் பேச்சு ஒரு நெசவுக்காரியின் கையிலிருந்து பிறந்த சொல்லின்மேல் நிற்கிறது என்பதை நாம் மிகப் பிந்தியே உணர்ந்தோம். ஓதிய காலத்தில் உணரவில்லை. ஓதிக் கொடுத்த முதற் பல ஆண்டுகளிலும் உணரவில்லை.

கரை பற்றிய இன்னொரு செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்களின் திருமகளார் அஸ்மா (ரலி) அவர்கள், நபிகளார் அணிந்திருந்த அங்கி ஒன்றை எடுத்துக் காட்டுகிறார்கள். அதன் கழுத்துப் பகுதியில் பட்டு. திறப்பின் இருபுறமும் பட்டால் மடித்துத் தைக்கப்பட்டிருந்தது. அங்கி ஆயிஷா (ரலி) அவர்களிடம் இருந்து, அவர்கள் மறைந்த பின் தம்மிடம் வந்ததாகச் சொல்கிறார்கள். ஓரம் மடித்துத் தைப்பதற்கு அங்கே வரும் சொல் 'கஃப்ஃபு' என்னும் வேரிலிருந்து பிறந்தது. தடுத்து நிறுத்துதல் என்பது அதன் பொருள். பிரிந்து போக நிற்கும் நூலைத் தடுத்து நிறுத்துவதே ஓரம். உமர் (ரலி) அவர்கள் வழியாக வரும் அறிவிப்பில் இரண்டு, மூன்று, நான்கு விரல் அகலத்துப் பட்டு ஆண்களுக்கு விலக்களிக்கப்படுகிறது. பட்டு ஆண்களுக்கு ஆகாது என்னும் சட்டம் தளர்ந்து கொடுக்கும் இடங்களில் ஒன்று, பார்த்தால், துணியின் கரையே. வேலை முடிக்கும் இடத்தில் மனிதக் கை சற்று அழகு செய்ய விரும்பும் என்பதை ஷரீஅத்து அறிந்தே இருக்கிறது.

நிற்க. நாம் எழுத வந்தது துணியைப் பற்றி அன்று, பாயைப் பற்றி. தமிழ் முஸ்லிம்களின் வீட்டில் பாய் இல்லாத வீடு இல்லை. தொழுகைக்கும் அதுவே, விருந்துக்கும் அதுவே, பிள்ளைப்பேற்றுக்கும் மையித்தைக் கிடத்தவும் அதுவே. பிறமதச் சகோதரர்கள் நம்மை அழைக்கும் பெயரும் பாய்தான் என்று நகைப்பார் உண்டு. அந்தச் சொல் உருதுவில் சகோதரன், இந்தச் சொல் தூய தமிழ். விரிவது பாய். கப்பலில் காற்றை வாங்க விரிவதும் பாய்தான். மரக்கலம் ஓட்டிய நம் முன்னோர்க்கு இரண்டு பாயும் வேண்டியிருந்தன.

அரபியில் பாய்க்கு 'ஹஸீர்' என்று பெயர். 'ஹஸ்ர்' என்றால் நெருக்குதல், அடைத்தல். இழைகள் ஒன்றோடொன்று நெருக்கப்படுவதால் அப்பெயர் என்பர். பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் எட்டாம் வசனத்தில் நரகத்தைக் குறிக்கும் இடத்தில் இச்சொல் வருகிறது. சிறைக்கூடம் என்று பெரும்பாலார் பொருள் கொள்ள, ஹஸன் பஸரி (ரஹ்) அவர்கள் விரிப்பு என்றே பொருள் கொண்டார்கள் என்று தஃப்ஸீர்கள் குறிக்கின்றன. சிறிய தொழுகைப் பாய்க்குக் 'கும்ரா' என்று பெயர். பேரீச்சை ஓலையால் ஆனது. முகத்தை வைக்கும் அளவே இருக்கும். நபிகளார் அதன்மீது தொழுததை அன்னை மைமூனா (ரலி) அறிவிக்கிறார்கள். இச்சொல்லுக்கு இப்னுல் அஸீர் தம் 'நிஹாயா'வில் தரும் விளக்கம் நமக்கு மிகவும் உவப்பானது. மறைத்தல் என்னும் வேரிலிருந்து வந்த சொல் அது. அதன் நூல்கள் ஓலையால் மறைக்கப்பட்டிருப்பதால் கும்ரா என்றாயிற்று என்கிறார். நூல் வெளியே தெரிந்தால் அது கும்ரா அன்று. பாய் நெய்வோர் எவரிடமும் கேட்டுப் பாருங்கள், நல்ல பாய்க்கு அவர்கள் சொல்லும் முதல் இலக்கணம் இதுவாகவே இருக்கும்.

அனஸ் (ரலி) அவர்களின் பாட்டியார் முலைக்கா (ரலி) நபிகளாரை விருந்துக்கு அழைத்தார்கள். உண்டபின் தொழுகை. வீட்டிலிருந்த பாயோ நெடுநாள் புழங்கிக் கறுத்துப்போனது. அனஸ் (ரலி) அதன்மேல் நீர் தெளித்தார்கள்; நபிகளார் அதில் நின்று தொழ வைத்தார்கள். பாய் 'உடுத்தப்பட்டுக்' கறுத்தது என்பதே அங்கே வரும் சொல்லாட்சி. விரிப்பில் அமர்வதும் ஒருவகை உடுத்தலே என்று சட்ட அறிஞர்கள் இதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் வரும் வேலையைச் சற்றுப் பிறகு காண்போம். நபிகளாரின் விலாப்புறத்தில் பாயின் பின்னல் தடம் பதிந்திருந்ததைக் கண்டு உமர் (ரலி) அழுத செய்தியும் யாவரும் அறிந்ததே.

பாய் முடைவோர் தொழிலைத் தாழ்வென்று எண்ணியவர்களுக்கு ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்களின் வாழ்வே விடை. மதாயின் நகரத்துக்கு ஆளுநராக இருந்தபோதும் பேரீச்சை ஓலை முடைந்தே உண்டார்கள். ஒரு திர்ஹத்துக்கு ஓலை வாங்கி, வேலை செய்து, மூன்று திர்ஹத்துக்கு விற்று, ஒன்றை மீண்டும் ஓலைக்கும் ஒன்றைக் குடும்பத்துக்கும் ஒன்றைத் தர்மத்துக்கும் வைத்தார்கள் என்று இப்னு ஸஅத் தம் 'தபகாத்'தில் பதிவு செய்கிறார். ஆட்சியாளரின் கணக்கு இவ்வளவு சுருக்கமாக வேறெங்கும் எழுதப்பட்டிருக்குமோ தெரியாது.

பிற்காலத்தில் பாய்த் தொழில் அரச மதிப்பும் பெற்றது. ஹிஜ்ரி 438, அதாவது கி.பி. 1047-ல் பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரூ பாலஸ்தீனத்தின் தபரிய்யா நகரில் தங்கினார். அங்கு நெய்யப்படும் தொழுகைப் பாய் ஒன்று அவ்வூரிலேயே ஐந்து மக்ரிபி தீனாருக்கு விலைபோகிறது என்று தம் பயண நூலில் எழுதிவைத்தார். ஐந்து பொற்காசு! இன்று கேட்பவர் மிகையென்பர். ஆனால் அதற்கும் முந்திய பத்தாம் நூற்றாண்டுத் தபரிய்யாப் பாய்கள் இன்றும் இருக்கின்றன. ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில், மற்றொன்று ஏதென்ஸ் பெனாகி அருங்காட்சியகத்தில். நார்க் கயிற்றைப் பாவாக ஓட்டிப் புல்லை ஊடையாகச் செலுத்தி நெய்தவை. அவற்றில் கூஃபி எழுத்து நெய்யப்பட்டிருக்கிறது. நியூயார்க்கில் உள்ளதன் வாசகம் பாய்க்கு உரியவர் எல்லா நலமும் பெற வேண்டும் என்னும் துஆ. ஏதென்ஸில் உள்ளதில் அது தபரிய்யாவின் நெசவுக்கூடத்தில் செய்யப்பட்டது என்னும் குறிப்பு. ஆயிரம் ஆண்டு கடந்தும் புல் உளுத்துப் போகவில்லை, எழுத்து அழியவில்லை. ஊர்ப் பெயர் உண்டு, கூடத்தின் பெயர் உண்டு, உரியவர்க்கு வாழ்த்து உண்டு. நெய்தவர் பெயருக்கு மட்டும் அங்கும் இடம் இல்லை.

தொழிலின் பெயர் குடும்பப் பெயராக நின்றதும் உண்டு. கைரவான் நகரத்து இலக்கிய மேதை அபூ இஸ்ஹாக் அல்ஹுஸ்ரி, அவ்வூரின் பார்வையற்ற கவிஞர் அலீ அல்ஹுஸ்ரி ஆகியோரின் பட்டப்பெயர் பாய் நெய்தல் அல்லது விற்றலைக் குறிப்பது என்று இப்னு கல்லிகான் எழுதுகிறார். 1980-ல் மறைந்த எகிப்தியக் காரி மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி அவர்களின் ஓதலைக் கெய்ரோ வானொலியில் கேட்டு வளர்ந்த தலைமுறை நம்முடையது. அவர்தம் தந்தையார் பள்ளிவாசல்களுக்குப் பாய் விரித்துத் தந்ததால் அப்பெயர் வந்தது என்று சொல்வார்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கோரை தமிழர்க்கு மிகப் பழைய புல். சங்கச் செய்யுட்களில் சிறுமியர் விளையாடும் 'பைஞ்சாய்ப் பாவை' என்பது கோரையால் செய்த பொம்மையே. ஆயினும் கோரையைப் பட்டாக்கிய ஊர் என்றால் அது தாமிரபரணிப் பாசனத்தில், திருநெல்வேலிக்கு மேற்கே, சேரன்மகாதேவிக்கு அருகில் உள்ள பத்தமடைதான். சுவாமி சிவானந்தர் 1887-ல் பிறந்த ஊரும் அதுவே. அங்கே லெப்பைக் குடும்பங்களின் கைத்தொழில் பாய். ஹஸன் பாவா லெப்பை என்பவர் கோரையைப் பல நாள் ஓடும் நீரில் ஊறவைத்து நுண்ணிழையாகக் கிழிக்கும் முறையைக் கண்டார் என்றும், அதன் பின்னரே மெல்லிய பாய் பிறந்தது என்றும் ஊரில் வழங்கும் வரலாறு கூறுகிறது. 1953-ல் இரண்டாம் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடைப் பாய் அன்பளிப்பாகச் சென்றதை ஊரார் இன்றும் பெருமையோடு சொல்வர். சுருட்டினால் கைத்தடிக்குள் அடங்கும் பாய் என்றும் ஒரு பேச்சு உண்டு.

அவ்வூருக்கு நாம் சென்றது ஆராய்ச்சிக்காக அன்று. வெட்கத்தோடு ஒரு பழுதைச் சரிசெய்யச் சென்றோம். நம் நிகாஹில் சீராக வந்த பத்தமடைப் பாய் ஒன்று நம் வீட்டில் இருந்தது. மணமக்கள் பெயரும் நாளும் நெய்யப்பட்ட கலியாணப் பாய். நெல்லைச் சீமையில் இந்து மணங்களிலும் இவ்வழக்கம் உண்டு. ஒரே தறியில் இறைவன் பெயரைச் சொல்லி இரு சமயத்தார் பெயரையும் நெய்வது அங்கே புதுமையன்று. வீடு மாறும்போது, பெட்டியில் இடமில்லையென்று நாமே அதனை நான்காக மடித்து வைத்துவிட்டோம். பாயைச் சுருட்ட வேண்டும், மடிக்கக் கூடாது என்பது சிறு பிள்ளைக்கும் தெரிந்த செய்தி; நமக்கு அன்று அவசரம். சில மாதம் கழித்து விரித்தபோது மடிப்பில் கோரை ஒடிந்திருந்தது. ஒரு பக்கக் கரை அவிழ்ந்து, கோரை நுனிகள் ஒவ்வொன்றாக நழுவிக்கொண்டிருந்தன. வீட்டார் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலிருந்ததே நமக்குப் போதுமாக இருந்தது.

ஊரில் விசாரித்தபோது, இதனை நெய்தவரிடம் கொண்டுபோக வேண்டாம், முடிப்பு வேலை செய்யும் உம்மா ஒருவர் இருக்கிறார், அங்கே போங்கள் என்று ஒரு வீட்டைக் காட்டினார்கள். முற்றத்தில் தாழ்ந்த தறி, மூங்கில் கால்கள், தரையோடு தரையாகப் பாவு நீண்டு கிடந்தது. எழுபது வயதிருக்கும் ஒரு மூதாட்டி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பாயை வாங்கிப் பார்த்தார். நடுவில் விரல் வைத்து, "இது ஒடிஞ்சது ஒடிஞ்சதுதான் ஹஜ்ரத். உசிர் போன கோரைக்கு நான் ஒண்ணும் செய்ய முடியாது. கரையைக் கட்டித் தர்றேன்" என்றார். பாய் நம் கையில் திரும்ப இரண்டு நாள் ஆகும் என்றார். அந்த இரண்டு நாளும் நாம் அவ்வூரிலேயே தங்கி, திண்ணையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

வேலையின் தொடக்கம் பலரும் எழுதியதுதான், விரைந்து சொல்லிவிடுகிறோம். பச்சைக் கோரையை அறுத்து, கிழித்து, உள்ளே இருக்கும் சோற்றை நீக்கி வெயிலில் காய்ச்சுவர். பின் அவித்து, ஓடும் நீரில் பல நாள் ஊறப்போடுவர். ஊறிப் பருத்த கோரையை மீண்டும் உலர்த்துவர். மெல்லிய பாய்க்கு அதனை மேலும் மேலும் நுணுக்கிக் கிழிக்க வேண்டும். சிவப்புக்கு முன்னாளில் பதங்கம் என்னும் சாயக்கட்டை. பிறகு கடைச்சாயம் வந்தது. பாவுக்குப் பருத்தி நூல், உயர்ந்த பாய்க்குப் பட்டு நூல். கோரையை நீண்ட மூங்கில் குச்சியின் நுனியில் கோத்துப் பாவுக்குள் செலுத்தி, அச்சால் நெருக்குவர். கோரைக்கு அடி பருமன், நுனி மெலிவு. ஆகவே ஒன்றை அடிப்பக்கமாகவும் அடுத்ததை நுனிப்பக்கமாகவும் மாற்றி மாற்றி விடுவர். இல்லையேல் பாய் ஒருபுறம் உயர்ந்து கோணும். 100 முதல் 140 வரை எண்ணிக்கையுள்ள பாய்கள் பட்டுப்பாய் எனப்படும். எண் ஏற ஏற நயமும் நாளும் ஏறும். ஒரு பாய்க்குப் பல வாரம் ஆவதும் உண்டு.

இதுவரை வந்து நிற்கும் எழுத்துகளையே நாம் கண்டிருக்கிறோம். தறியிலிருந்து இறக்கியதோடு பாய் முடிந்தது என்று எழுதிவிடுவர். அந்த உம்மாவிடம் நாம் அவ்வாறே பேசியபோது அவர் சிரித்துவிட்டார். "தறியை விட்டு இறங்கினது பாய் இல்லை ஹஜ்ரத், அது கட்டின கோரை. இனிமேத்தான் பாய் ஆகணும்."

பாய் ஆவது இவ்வாறு. தறியிலிருந்து அறுக்கும்போதே இருதலைப்பிலும் பாவு நூலைச் சாண் அளவு விட்டு அறுக்க வேண்டும். அந்நூல்களைச் சிறுசிறு பிடியாக எடுத்து, கடைசிக் கோரையோடு நெருக்கி முடிச்சிட வேண்டும். தளர்ந்தால் கோரை நழுவும். இறுகினால் தலைப்பு சுருங்கிப் பாய் படகுபோல் வளையும். எவ்வளவு இறுக்கம் என்பதற்கு அளவுகோல் ஒன்றுமில்லை, விரலுக்குத்தான் தெரியும். பின் பக்கக் கரைகள். துருத்தி நிற்கும் கோரை நுனிகளை நீர் தெளித்துப் பதப்படுத்தி, உட்புறம் மடக்கி, முன் சென்ற வரிசைகளுக்கு அடியில் செருகிக் கட்ட வேண்டும். உலர்ந்தபடியே மடக்கினால் ஒடியும். மிக நனைந்திருந்தால் காய்ந்தபின் தளரும். அடுத்துப் பாயைத் திருப்பிப் போட்டு, நிறம் மாறிய இடங்களில் புறத்தே நிற்கும் துணுக்குகளைக் கத்தரிக்க வேண்டும். பாவு நூலை ஒருமுறை தவறி வெட்டினால் வாரக்கணக்கான வேலை போயிற்று. ஆகவே இதனை விளக்கொளியில் செய்வதில்லை, முற்பகல் வெளிச்சத்தில் மட்டுமே செய்வதாகச் சொன்னார். இறுதியில் மெருகு. இலேசாக நீர் தெளித்து, வழவழப்பான கல்லையோ கெட்டியான காட்டுக் கொட்டையையோ கொண்டு, கோரை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் இழை எழும்பிவிடும். தேய்க்கத் தேய்க்கக் கோரை தட்டையாகி, ஒன்றோடொன்று ஒட்டி, இடையே தெரிந்த நூல் மறைகிறது. அதனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நூல் மறைந்திருப்பதால் கும்ரா என்று எழுதிய இப்னுல் அஸீரின் வரி நம் நினைவுக்கு வந்தது. நிஹாயாவை நாம் பலமுறை புரட்டியிருக்கிறோம். அதன் பொருளை அன்றுதான் கண்ணால் கண்டோம்.

வேலையினிடையே அவர் நம்மிடம் ஒரு மஸ்அலா கேட்டார். அதனைக் கேட்பதற்காகவே இத்தனை நாள் காத்திருந்தவர் போல் தோன்றியது. "பட்டுப் போட்ட பாயில ஆம்பளைக தொழலாமா? ஒருத்தர் கூடாதுன்னு சொல்லிட்டார். நான் கரை கட்டின பாய் எத்தனையோ பள்ளிக்குப் போயிருக்கு. அந்தத் தொழுகையெல்லாம் என்ன ஆச்சு ஹஜ்ரத்?"

அந்தக் கேள்வியில் இருந்த அச்சம் நம்மைச் சுட்டது. நாற்பது ஆண்டு செய்த வேலை பிறர் இபாதத்தைக் கெடுத்துவிட்டதோ என்னும் அச்சம் அது. முலைக்கா (ரலி) வீட்டுப் பாயின் 'உடுத்தல்' என்னும் சொல் இங்கேதான் வந்து நிற்கிறது. விரிப்பதும் உடுத்துவதே என்று கொண்டால் பட்டு விரிப்பும் ஆண்களுக்கு விலக்காகும். ஷாஃபிஈ மத்ஹபின் நிலை அதுவே. எனினும் பட்டும் பிறவும் கலந்ததில் எடையால் பட்டு மிகுந்தால்தான் விலக்கு. பாயில் எடை எல்லாம் கோரையே. பாவில் ஓடும் பட்டு அதனோடு ஒப்பிட ஒன்றுமில்லை. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களோ பட்டின்மேல் அமர்வதையும் சாய்வதையுமே அனுமதித்தார்கள். அவர்தம் மாணவர் இருவரும் அதில் மாறுபட்டார்கள். ஆகவே எந்த மத்ஹபில் நின்று பார்த்தாலும் அந்தப் பாயில் தொழுதவர் தொழுகைக்குக் குறைவில்லை. தவிரவும், பல பாய்களில் பட்டு என்பது பெயரளவே. பளபளப்பைக் கண்டு வைத்த பெயர். இவ்வளவையும் விளக்கினோம். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அப்ப கூடும்" என்றார். கூடும் என்றோம். மறுபடி கல்லை எடுத்துத் தேய்க்கலானார்.

ஆராயாமல் ஒரு சொல் சொல்லிச் செல்பவர்கள், அது எந்த வீட்டு முற்றத்தில் எத்தனை காலம் தங்கும் என்று எண்ணுவதில்லை. சொன்னவரை நாம் அறியோம். ஒருவேளை நம்மிடம் ஓதியவராகவே இருக்கலாம்.

கூலியைப் பற்றியும் கேட்டோம். நெய்வதற்குப் பாய்க்கு இவ்வளவு என்று உண்டு. முடிப்புக்குத் தனியே கூலி கேட்கும் வழக்கம் தம் வீட்டில் இருந்ததில்லை என்றார். மகள் நெய்தால் உம்மா முடிப்பார். மருமகள் நெய்தால் மாமி முடிப்பார். வயதாகித் தறியில் குந்தியிருக்க இயலாதவர்க்கு எஞ்சியிருக்கும் வேலை அது. வேலை என்றே அதனை எவரும் எண்ணியதில்லை என்பதுபோல் பேசினார். ஆனால் பாயை வாங்க வருபவர் முதலில் பார்ப்பது கரையைத்தான் என்றும் சொன்னார். பாயைச் சற்றே விரித்து, ஓரத்தை இரு விரலால் நெருடிப் பார்த்துத்தான் விலை பேசுவார்களாம். விலை தீர்மானிக்கும் இடத்துக்கு விலை இல்லை என்பது நமக்கு விந்தையாகப் பட்டது, அவருக்குப் படவில்லை.

2012-13ஆம் ஆண்டில் பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பிற ஊரில் செய்ததைப் பத்தமடை என்று விற்க இயலாது என்னும் காப்பு அது; மகிழத்தக்கதே. ஆயினும் பிளாஸ்டிக் பாய் வீடுதோறும் வந்துவிட்டது. விசைத்தறியும் பாய் நெய்கிறது. பள்ளிவாசல்களில் கோரைப்பாய் இருந்த ஸஃப்புகளில் கம்பளம் ஓடிவிட்டது. இதனை நாம் குறையாகச் சொல்லவில்லை. முதியவர் முழங்காலுக்குக் கம்பளம் இதம். ஆனால் இளம்பெண்கள் தறியில் அமர்வது அருகி வருகிறது என்றும், அமர்வோரும் நெய்யக் கற்ற அளவுக்கு முடிக்கக் கற்பதில்லை என்றும் அந்த உம்மா கூறினார். நெசவைத் தறி பாதி கற்றுக் கொடுத்துவிடும். அச்சு நெருக்குவதை நெருக்கும். முடிப்புக்குக் கருவி இல்லை. பக்கத்தில் ஒருத்தி அமர்ந்து, விரலைப் பிடித்து, இவ்வளவு ஈரம், இவ்வளவு இறுக்கம் என்று காட்டினால்தான் வரும். நம் ஹதீஸ் கல்வியில் இஜாஸா என்று ஒன்று உண்டல்லவா? உஸ்தாதின் முன் அமர்ந்து, அவர் வாயால் கேட்டு, அவர் கையால் பெறுவது. ஏட்டைப் பார்த்து மட்டும் ஓதியவரை 'ஸஹஃபீ' என்று பழைய அறிஞர் ஒதுக்கினர். கரை கட்டுவதிலும் ஸஹஃபீக்கு இடமில்லை.

ஊரை விட்டுப் புறப்படும் முன், நமக்குத் தெரிந்த ஒரு செய்தியை அவரிடம் சொல்ல விரும்பினோம். பெருமானாருக்குப் புர்தா நெய்து கொண்டுவந்த பெண்மணியைப் பற்றியும், அதன் கரை ஹதீஸில் எழுதப்பட்டிருப்பதைப் பற்றியும் சொன்னோம். அவர் கை நின்றது. "கரையையா எழுதியிருக்கு?" என்று கேட்டார். ஆம் என்றோம். மறுபடி சொல்லும்படி கேட்டார். அரபி வாசகத்தை ஒருமுறை ஓதிப் பொருள் சொன்னோம். உள்ளே திரும்பிப் பேத்தியை அழைத்து, அவளுக்கும் ஒருமுறை சொல்லும்படி செய்தார்.

அவர் பெயரை இக்கட்டுரையில் எழுத அனுமதி கேட்டோம். வேண்டாம் என்று சொல்லிவிட்டார், ஆகவே எழுதவில்லை.

பாயைச் சுருட்டித் துணிப்பையில் இட்டுப் பேருந்தில் கொண்டு வந்தோம். கூலியாக நாம் நீட்டியதில் பாதியைத் திருப்பித் தந்துவிட்டார். கரை இன்று வரை ஒரு கோரையும் நழுவாமல் நிற்கிறது. நடுவில் மட்டும், மணமக்கள் பெயருக்குச் சற்றுக் கீழே, நாம் மடித்த தடம் இருக்கிறது.